எது வரைக்கும் விடுவாங்க?

விடியற்காலை நாலரை மணி என்பது வார்டில் ஒரு தனி நேரம். ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் கேஸ் ஷீட் எழுதி முடித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு கால் மணி நேரம் யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிடாமல் இருந்தால் அதுதான் அன்றைய ஓய்வு. அப்படி ஒரு கால் மணி நேரத்தில்தான், என்னோடு இரண்டு வருடமாக நைட் டியூட்டி பார்க்கிற பெண் ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே, ராணுவ நர்சிங் பணிக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். என்னிடம்தான் முதலில்.

"சேரும்போதே லெப்டினன்ட்னு சொல்றாங்க அக்கா. சரி, அதுக்கு மேல? நாம நர்ஸ்தானே, எது வரைக்கும் விடுவாங்க?"

மேஜர் ஜெனரல் வரைக்கும் போகலாம் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அமெரிக்க ராணுவத்தின் முதல் பெண் ஜெனரலே ஒரு நர்ஸ்தான், 1970இல் ஆனார், அந்த அம்மா யுத்த காலத்தில் நம்முடைய அஸ்ஸாமில் இரண்டரை வருடம் வேலை பார்த்தவர் என்று ஆரம்பித்தேன். அதற்குள் 12ஆம் பெட்டில் டிரிப் முடிந்து, அந்தப் பாட்டியின் மகள் எழுந்து வந்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகும் பல இரவுகளில் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்ன அந்த "விடுவாங்க" என்ற வார்த்தையும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த அம்மாவின் பெயர் அன்னா மே ஹேஸ். பிறந்தபோது அன்னா மே மெக்கேப். 1920இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பில் இருந்தவர்கள், ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் பென்சில்வேனியாவின் அலன்டவுனில் தங்கினார்கள். வீட்டில் எப்போதும் இசை. அன்னா மே பியானோ வாசிப்பார், ஆர்கன் வாசிப்பார், ஹார்ன் வாசிப்பார். ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் ஆசை. கட்டணம் கட்ட வழியில்லை. அதனால் ஊரிலேயே இருந்த அலன்டவுன் பொது மருத்துவமனையின் நர்சிங் பள்ளியில் சேர்ந்து 1941இல் படித்து முடித்தார்.

இந்த இடத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பேட்ச் ஞாபகம் வந்தது. "நர்சிங்தான் வேணும்" என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்க் வந்தும் பணம் இல்லாமல் வந்தவர்கள், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று அப்பா சேர்த்துவிட்டவர்கள், தம்பி படிக்க வேண்டும் என்பதால் இதோடு நிறுத்திக்கொண்டவர்கள். வந்த வழி எதுவாக இருந்தாலும் அவர்களில் பலர் அற்புதமான நர்ஸ் ஆனார்கள். முதல் ஆசை கைகூடாமல் இந்த வேலைக்கு வந்தவர்களை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

படித்து முடித்த அதே 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது, அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அடுத்த மே மாதம் அன்னா மே ராணுவ நர்சிங் படையில் சேர்ந்தார். 1943 தொடக்கத்தில் அவரை அனுப்பிய இடம் அஸ்ஸாமின் லேடோ. ஜப்பானியர்கள் பர்மாவைப் பிடித்துச் சீனாவுக்குப் போகும் தரைவழியை அடைத்துவிட்டதால், லேடோவிலிருந்து மலையையும் காட்டையும் வெட்டிப் புதிதாக ஒரு சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பர்மா சாலையோடு சேர்த்தால் சீனாவின் குன்மிங் வரைக்கும் ஆயிரம் மைலுக்கு மேல். சாலை போட வந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களோடு ஆயிரக்கணக்கான உள்ளூர்க் கூலித் தொழிலாளிகள். பல மாதங்கள் விடாத மழை, மண்சரிவு, மலேரியா, ரத்தபேதி, உண்ணிக் காய்ச்சல். குண்டுபட்டு வந்தவர்களைவிடக் காய்ச்சலில் வந்தவர்கள்தான் அந்தப் பக்கத்து மருத்துவமனைகளை நிரப்பினார்கள். பிறகு பர்மாக் காட்டுக்குள் சண்டைக்குப் போன படையினரும் அங்கேதான் தூக்கி வரப்பட்டார்கள்.

மருத்துவமனை என்றால் மூங்கில் கட்டடம். மண் தரை, கூரை வேய்ந்த மேல்பாகம். அங்கே அட்டைக்கும் பாம்புக்கும் பஞ்சமில்லை. 23 வயதுப் பெண், அமெரிக்காவில் டைல்ஸ் போட்ட வார்டில் படித்துவிட்டு வந்தவர், அங்கே இரண்டரை வருடம் இருந்தார். மழைக்காலத்தில் மண் தரை வார்டை எப்படிச் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி. எங்கள் வார்டில் மழை அடித்து ஜன்னல் ஓரம் தண்ணீர் நின்றாலே ஆயாம்மாவைத் தேடி ஓடுவோம். அங்கே கட்டிலின் கால் நான்கும் சேற்றில் இருக்கும். பேதி நோயாளி ஒருவர் இரண்டு பேர் அல்ல, வரிசை வரிசையாக. பெட்பேன் எங்கே கழுவினார்கள், கொசுவலைக்குள் குனிந்து ஊசி போட வெளிச்சம் எங்கிருந்து வந்தது? வரலாற்றுப் புத்தகங்களில் இதெல்லாம் இருக்காது. ஆனால் ஒரு நர்ஸுக்கு வேலை என்பது அதுதானே.

இனி பதவி விஷயம். அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவ நர்ஸின் நிலை எங்கள் வார்டுப் பெண்ணின் கேள்விக்கு நேர் பதில். ராணுவ நர்சிங் படையை 1901இல் ஆரம்பித்தபோது நர்ஸுக்குப் பதவியே கிடையாது. ஆபீசரும் இல்லை, சிப்பாயும் இல்லை. முதல் உலகப் போரில் அவ்வளவு வேலை பார்த்த பிறகு, 1920இல் "ஒப்புமைப் பதவி" என்று ஒன்று கொடுத்தார்கள். தோளில் பட்டை குத்திக்கொள்ளலாம், லெப்டினன்ட் என்று கூப்பிடுவார்கள். ஆனால் அதே லெப்டினன்ட் ஆணுக்கு உள்ள சம்பளமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. 1944இல்தான் அந்த "ஒப்புமை" போய், போர்க்காலத்துக்கு மட்டும் தற்காலிகமாக முழு ஆபீசர் அந்தஸ்து வந்தது. அதாவது அன்னா மே லேடோவுக்குப் போன நாளில் அவர் தோளில் இருந்தது பாதிப் பதவி.

போர் முடிந்த பிறகு 1947இல் நிரந்தர ஆபீசர் அந்தஸ்து கிடைத்தது. போரின்போது 50,000க்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்குத் தலைமை தாங்கிய ஃபுளோரன்ஸ் பிளாஞ்ச்ஃபீல்டு, அமெரிக்க ராணுவத்தின் நிரந்தரப் பணியில் ஆபீசரான முதல் பெண் ஆனார். அவருடைய பணி எண் என்-1. அந்த ஆணையைக் கையில் கொடுத்தவர் அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர். ஆனால் அதே சட்டத்திலேயே பூட்டும் போட்டிருந்தார்கள். நர்ஸ் அதிகபட்சம் லெப்டினன்ட் கர்னல் வரைக்கும்தான். படைத் தலைவராக இருப்பவர் மட்டும், அந்த நாற்காலியில் இருக்கும் வரை கர்னல். மொத்தப் படைக்கும் ஒரே ஒரு கர்னல்! அவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் நர்ஸ்களுக்கு 1955 வரைக்கும் அந்தப் படையில் இடமே இல்லை. நர்சிங் படித்த ஆண்களை ராணுவம் சாதாரணச் சிப்பாயாகவே எடுத்துக்கொண்டது. நர்சிங் என்றால் பெண்ணின் வேலை, பெண்ணின் வேலை என்றால் அதிகாரம் இல்லாத வேலை என்ற ஒரே நினைப்பு, இரண்டு பக்கமும் ஆட்களை வீணடித்தது.

இப்போது கொரியா. என்னைக் கேட்டால் அன்னா மேயின் வாழ்க்கையில் இதுதான் முக்கியமான இடம். அவர் ஜெனரல் ஆன விழாவின் படங்களில் இது வராது.

கொரியப் போரில், 1950 செப்டம்பரில் அமெரிக்கப் படைகள் இஞ்சோன் துறைமுகத்தில் இறங்கின. அந்த மாதமே 4ஆவது கள மருத்துவமனையோடு அன்னா மேயும் அங்கே போய் இறங்கினார். அடுத்த பத்து மாதங்களில் அவரும் முப்பது சொச்சம் நர்ஸ்களும் 25,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த எண்ணை நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 80 பேருக்கு மேல். அதுவும் சராசரிதான், சண்டை நடக்கிற நாட்களில் வருவது அதற்குப் பல மடங்கு இருந்திருக்கும். பின்னாளில் அவர், அஸ்ஸாம் காட்டைவிடக் கொரியாதான் மோசம் என்று சொல்லியிருக்கிறார். காரணமாகச் சொன்னது குண்டுச் சத்தத்தை அல்ல. பொருட்கள் போதவில்லை, ஆபரேஷன் தியேட்டரில் கதகதப்பு இல்லை என்பதைத்தான். எனக்கு அது உடனே புரிந்தது. ரத்தம் நிறைய இழந்த நோயாளியின் உடம்பு குளிர்ந்துவிட்டால் ரத்தம் உறைவதே கெட்டுப்போகும், நீங்கள் எவ்வளவு தைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். கொரியாவின் டிசம்பர் மாதத்தில், கதகதப்பில்லாத தியேட்டரில், வயிறு திறந்த ஒரு பையன். பக்கத்தில் நிற்கிற நர்ஸுக்கு அடுத்த போர்வை எங்கிருந்து வரும் என்பதுதான் யோசனையாக இருந்திருக்கும்.

டியூட்டி இல்லாத நேரத்தில் அவர் பாதிரியாரோடு முன்னணிக்குப் போய், காலால் மிதித்துக் காற்றூதும் சின்ன ஆர்கனைச் சிப்பாய்களின் வழிபாட்டுக்கு வாசித்தார். ஜூலியார்டுக்குப் போக முடியாத பெண். இதை எங்கள் பெண்ணிடம் சொன்னபோது அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை, டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கொரியாவை இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், நான் கேஷுவாலிட்டியில் இருந்த ஓர் இரவில், ஒரு வேன் கவிழ்ந்து பதினான்கு பேரை ஒரே நேரத்தில் கொண்டுவந்தார்கள். டியூட்டி டாக்டர் ஒருவர், அவரும் சின்னப் பையன், முதல் நோயாளியின் காற்றுக்குழாயில் டியூப் போட்டுக்கொண்டிருந்தார். அவரால் தலையைத் தூக்க முடியாது. மீதி பதின்மூன்று பேரில் யாரை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நான்தான். கத்திக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு, ஓரத்தில் சத்தமே இல்லாமல் படுத்திருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். கை சில்லென்று வியர்த்திருந்தது, நாடி நூல் மாதிரி ஓடியது. "இவரை உள்ளே கொண்டு போங்க" என்றேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன், செக்யூரிட்டி, லேப் பையன், ரத்த வங்கியில் போன் எடுத்தவர், எல்லோரும் அந்த ஒரு மணி நேரம் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். யாரும் என் பதவி என்ன என்று கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு அந்தப் பெரியவரின் உறவினர் ஒருவர் வந்து, நான் ஏதோ விவரம் சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க நர்ஸ்தானே, டாக்டரை வரச் சொல்லுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயத்தில் இருந்தார். ஆனால் அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது.

கட்டளையிடுகிற வேலையை நர்ஸ் என்றைக்கும் செய்துகொண்டுதான் இருந்தாள். லேடோவில் செய்தாள், இஞ்சோனில் செய்தாள், எங்கள் கேஷுவாலிட்டியில் தினமும் செய்கிறாள். தோளில் அது ஏறுவதற்குத்தான் இத்தனை வருடம் ஆனது. அன்னா மேயின் கதையை "சாதாரண நர்ஸாக இருந்து உயர்ந்தார்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு இதில்தான் சண்டை. அவர் 1950இலேயே உயரத்தில்தான் இருந்தார். சட்டம்தான் கீழே இருந்தது.

கொரியாவுக்குப் பிறகு டோக்கியோ, அப்புறம் அமெரிக்கா, வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைமை நர்ஸ். 1956 ஜூனில் அதிபர் ஐசன்ஹோவருக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தபோது அவரைக் கவனித்த தனி நர்ஸ்களில் ஒருவராக இருந்தார். அந்தக் குடும்பத்தோடு நட்பு கடைசி வரை நீடித்தது. அதே ஆண்டு ஜூலையில் வில்லியம் ஹேஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஏழு வருடம்தான், 1963இல் கணவர் இறந்துவிட்டார். இடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் நர்சிங் பட்டம். முதுகலை முடித்தது 1968இல், படைத் தலைவர் ஆன பிறகு! 48 வயதில், ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்போது.

1967 செப்டம்பரில் அவர் ராணுவ நர்சிங் படையின் தலைவர் ஆனார். அதே நவம்பரில் அதிபர் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ராணுவத்தில் பெண்கள் எந்தப் பதவி வரை போகலாம் என்ற பூட்டைத் திறந்தது அந்தச் சட்டம்தான். அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வியட்நாம் போருக்கு ஆள் தேவைப்பட்டது. நர்ஸ்கள் வேண்டும், சேர்ந்தவர்கள் விட்டுப் போகக் கூடாது. மேலே போக வழியில்லாத வேலையில் திறமையான பெண்கள் எத்தனை வருடம் இருப்பார்கள்? நியாயம் என்று ஒரு பக்கம் பேசப்பட்டது உண்மை. ஆனால் தேவை இல்லாமல் நியாயம் மட்டும் அந்தக் கதவைத் திறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 1901இல் இருந்து பாருங்கள், ஒவ்வொரு படியும் ஏதாவது ஒரு போரின் நடுவிலோ முடிவிலோதான் வந்திருக்கிறது.

வியட்நாமில் 5,000க்கும் மேற்பட்ட ராணுவ நர்ஸ்கள் பணியாற்றினார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண்கள். ஹேஸ் மூன்று முறை நேரில் போய்ப் பார்த்தார். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1969 ஜூனில், சூ லாய் மருத்துவமனையின் வார்டில் டியூட்டியில் இருந்த ஷாரன் லேன் என்ற லெப்டினன்ட், எதிரிகள் வீசிய ராக்கெட்டில் இறந்தார். 25 வயது. வியட்நாம் போரில் எதிரியின் தாக்குதலில் நேரடியாக இறந்த ஒரே அமெரிக்க ராணுவ நர்ஸ் அவர்தான்.

ஹேஸ் செய்த நிர்வாக வேலையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது வேறொன்று. அது வரைக்கும் ஒரு பெண் ஆபீசர் கர்ப்பமானால் வேலையிலிருந்து தானாகவே வெளியேற்றப்படுவார். எத்தனை வருட அனுபவம், எத்தனை போர் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சின்னக் குழந்தை இருந்தால் ரிசர்வ் படையில் சேரவும் முடியாது. இந்த இரண்டு விதிகளையும் மாற்ற வேண்டும் என்று அவர் வாதாடினார், மாற்றமும் வந்தது. பெண் ஆபீசர்களின் கணவர்களுக்கும், ஆண் ஆபீசர்களின் மனைவிகளுக்குக் கிடைக்கும் சலுகைகள் வேண்டும் என்றார். அவருக்குக் குழந்தை இல்லை, கணவரும் போய்விட்டார். தனக்கு ஒரு பைசா பயனில்லாத விதிகளை மாற்றப் போராடினார். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பிரசவ விடுப்பு முடிந்து வந்த பெண்ணுக்கு வந்த வாரமே தொடர்ந்து ஆறு நைட் போட்டார்கள். போட்டது ஒரு பெண்தான். "நாங்க எல்லாம் அப்படித்தானே பார்த்தோம்" என்றார். அவரை நினைக்கும்போதெல்லாம் ஹேஸ் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

1970 ஜூன் 11. பென்டகனில் விழா. அன்னா மே ஹேஸ் பிரிகேடியர் ஜெனரல், அதாவது ஒரு நட்சத்திர ஜெனரல், ஆனார். சில நிமிடங்கள் கழித்து, பெண்கள் ராணுவப் படையின் இயக்குநர் எலிசபெத் ஹாய்சிங்டனும். முதல் நட்சத்திரம் நர்ஸின் தோளில் ஏறியது. அவருக்கு ஐசன்ஹோவரின் மனைவி மேமி கொடுத்த நட்சத்திரங்கள், முந்தைய ஆண்டு இறந்துபோன தன் கணவருடையவை. ராணுவத் தலைமைத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட், பெண் ஜெனரல்களை வாழ்த்தும் புது மரபு இது என்று சொல்லி அவர் உதட்டில் முத்தம் கொடுத்தார். பத்திரிகைகள் அதைக் கலகலப்பாக எழுதின. எனக்குப் படிக்கவே கூசியது. 28 வருட சேவை, மூன்று போர்கள், 25,000 நோயாளிகள். கைகுலுக்கல் போதாதா? ஓர் ஆணுக்கு நட்சத்திரம் குத்தினால் சல்யூட் அடித்துக் கைகொடுத்திருப்பார்கள். ஹேஸ் அதைப் பெரிதாக்கவில்லை. அன்று அவர் பேசியது, 1901 முதல் போரிலும் அமைதியிலும் உழைத்த எல்லா ராணுவ நர்ஸ்களின் உழைப்பும்தான் இந்த நட்சத்திரத்தில் தெரிகிறது என்ற பொருளில். அடுத்த ஆண்டே, 1971 ஆகஸ்டில், ஓய்வு பெற்றார்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹேஸ் ஜெனரல்தான், ஆனால் அவர் தலைமை நர்ஸ்களுக்கு மட்டும். ஒரு மருத்துவமனையை, ஒரு ராணுவ முகாமை நர்ஸ் தன் கட்டளைக்குக் கீழ் நடத்துவது அதற்கும் பிறகுதான். பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் உள்ளூர் நர்சிங் பள்ளி நிறத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்த ஹேசல் ஜான்சன், நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் படித்து, 1979இல் அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பினப் பெண் ஜெனரல் ஆனார். வட கரோலினாவின் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கிளாரா ஆடம்ஸ்-எண்டர், 1991இல் ஃபோர்ட் பெல்வார் என்ற பெரிய ராணுவத் தளத்துக்கே தளபதியானார். அவருக்கு வக்கீலாக ஆசை, நர்சிங்கில் சேர்த்தது அப்பா. (பாருங்கள், மறுபடியும் அதே கதை.) தளத்தின் தளபதி என்றால் ரோடு, குடியிருப்பு, பாதுகாப்பு, பட்ஜெட் எல்லாம் அவர் பொறுப்பு. 2011இல் பெட்ரீஷியா ஹோரோஹோ, மேஜர் ஜெனரலுக்கும் ஒரு படி மேலான லெப்டினன்ட் ஜெனரலாகி, ராணுவத்தின் மொத்த மருத்துவத் துறைக்கும் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர், முதல் நர்ஸும் அவர். அது வரைக்கும் அங்கே உட்கார்ந்த 42 பேரில் ஒரு நர்ஸ் கூட இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது எங்கள் பெண், "அது அமெரிக்காக்கா, நம்ம ஊர்ல?" என்றாள். நியாயமான கேள்வி.

இங்கே ராணுவ நர்சிங் 1888இல் பம்பாயில் வந்து இறங்கிய பத்து பிரிட்டிஷ் நர்ஸ்களிடமிருந்து தொடங்குகிறது. 1926 அக்டோபர் 1 முதல் இந்திய ராணுவ நர்சிங் பணி என்ற பெயர். 1943இல், அன்னா மே லேடோவில் இருந்த அதே வருடத்தில், ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் இங்கேயும் நர்ஸ்கள் ஆபீசர்கள் ஆனார்கள். 1976இல் ஜி. அலி ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவரும் ஒரு நர்ஸ்தான்! நம் நாட்டின் முதல் பெண் ஜெனரல் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எங்கள் நர்சிங் பள்ளியில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளுக்கு ஒவ்வொரு வருடமும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அலி ராம் என்ற பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடமே, 1977இல், ராணுவ நர்ஸ் திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து நீக்கலாம் என்று ஒரு விதி. உச்சியில் ஒரு பெண் ஜெனரல் இருக்கும்போதே. 1988இல் அந்த விதியின்படி ஒரு லெப்டினன்ட்டை வெளியே அனுப்பினார்கள். விதியை 1995இல் நீக்கிவிட்டார்கள், ஆனால் அந்த அம்மா விடாமல் வழக்கு நடத்தினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. கல்யாணம் ஆனதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புவது அப்பட்டமான பாகுபாடு என்றது. 36 வருடம்! அந்த 36 வருடத்தில் அவர் எந்தப் பதவி வரை போயிருப்பார் என்று யார் கணக்குப் போட முடியும்.

2023இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் டெலோஸ் ஃபுளோரா மேஜர் ஜெனரல் ஆகி, ராணுவ நர்சிங் பணியின் தலைமைக்கு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் பெண். செய்தி வந்த அன்று எங்கள் நர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் விடியும் வரை மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் எங்கள் பெண்ணிடம் பாதியை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. இங்கே நர்ஸுக்கு அதுதான் உச்சி. நம் ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் ஆன பெண்கள் டாக்டர்கள். ஹோரோஹோ உட்கார்ந்த மாதிரியான நாற்காலியில், மொத்த மருத்துவத் துறைக்கும் தலைவராக, இங்கே இன்னும் ஒரு நர்ஸ் உட்காரவில்லை. "அப்போ இன்னொரு படி பாக்கி இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

அன்னா மே ஹேஸ் 2018 ஜனவரியில், 97 வயதில் இறந்தார். ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் ஜெனரல்களுக்கு நடுவே அடக்கம் செய்யப்படும் உரிமை இருந்தது. அவர் அலன்டவுன் பக்கத்தில், அப்பாவின் அருகில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எங்கள் பெண் தேர்வாகிவிட்டாள். கிளம்புவதற்கு முன் கடைசி நைட் டியூட்டியில் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது, ஒவ்வொரு பெட்டாக நின்று, எதையும் விடாமல், 12ஆம் பெட்டுக்கு டிரிப் எத்தனை மணிக்கு முடியும் என்பது வரை சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினாள். தோளில் லெப்டினன்ட்டின் இரண்டு நட்சத்திரம், முகத்தில் தூக்கமில்லாத களை. கீழே ஒரு வரி: "அக்கா, இன்னிக்கு தனியா முதல் நைட். 34 பெட். மழை வேற."